கத்தரியா, ஊக்கா, கடையா? கருவி இல்லாமல் வாட்ச் ஸ்ட்ராப்பைக் கழற்றும் வழிகள்: ஓர் ஒப்பீடு

புதிய ஸ்ட்ராப் வாங்கியாயிற்று. பழையதைக் கழற்ற வீட்டில் கருவி இல்லை. ஒருவர் ஊக்கு போதும் என்கிறார். இன்னொருவர் கத்தி முனையால் நெம்பச் சொல்கிறார். வீட்டுப் பெரியவரோ "கடையில் கொடுத்துவிடு, அஞ்சு நிமிஷ வேலை" என்கிறார். மூவரும் ஒரே வாட்ச்சை மனதில் வைத்துப் பேசவில்லை என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்ட்ராப் குப்பைக்குத்தான் போகப்போகிறது என்றால் கத்தரிக்கோலைப் போன்ற நல்ல கருவி வேறில்லை. வாட்ச்சின் பக்கவாட்டில் துளை தெரிந்தால் சிம் பின் போதும். இரண்டுக்கும் வழியில்லாதபோதுதான் ஸ்க்ரூடிரைவர், ஊக்கு என்ற பேச்சே எழ வேண்டும். கத்தி எந்த நிலையிலும் வேண்டாம். உலோகச் செயின் தனிக்கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

## முதலில் வாட்ச்சைக் கவிழ்த்துப் பாருங்கள்

மடித்த துண்டின் மேல் கண்ணாடிப் பக்கம் கீழே இருக்குமாறு வாட்ச்சை வையுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் நான்கு கால்களை லக் என்பார்கள். எதிரெதிர் லக்குகளுக்கு நடுவே ஒரு மெல்லிய உருளை, ஸ்ட்ராப்பின் மடிப்புக்குள் ஓடும். அதுதான் ஸ்பிரிங் பார். நம் கடைகளில் வெறுமனே "பின்" என்று கேட்டால் எடுத்துத் தருவது இதைத்தான்.

அதன் அமைப்பு தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். உள்ளே ஸ்பிரிங் வைத்த எஃகுக் குழாய் அது. இரு நுனிகளும் உள்ளே அமுங்கும், விட்டால் வெளியே நீளும். அந்த நுனிகள் லக்கின் உட்புறக் குழிகளில் உட்கார்ந்திருக்கின்றன. நுனிக்குச் சற்று உள்ளே மோதிரம் போன்ற ஒரு விளிம்பு உண்டு. அந்த விளிம்பைப் பிடித்து ஸ்ட்ராப்பின் நடுப்பக்கமாக 1 மி.மீ. சொச்சம் நகர்த்தினால் நுனி குழியிலிருந்து விடுபடும். ஒரு பக்கம் விடுபட்டால் போதும், மறுபக்கம் தானாக வந்துவிடும். வீட்டில் எந்தக் கருவியை எடுத்தாலும் நாம் செய்யப்போவது இந்த ஒரு வேலையைத்தான்.

கவிழ்த்துப் பார்க்கும்போது கண்ணில் படக்கூடியவை:

ஸ்ட்ராப்பின் அடிப்பக்கத்தில், ஓர் ஓரமாக ஒரு சின்னக் குமிழ் நீட்டிக்கொண்டிருந்தால் அது விரைவாகக் கழற்றும் வகை. லக்கின் வெளிப்பக்கத்தில் ஊசித்துளை போன்ற ஓட்டை தெரிந்தால் துளையிட்ட லக். வெளிப்பக்கம் வழுவழுப்பாக இருந்தால் மூடிய லக். கையில் கட்டும் வாட்ச்சுகளில் மிகுதியாகக் காணப்படுவதும், வீட்டில் தொல்லை கொடுப்பதும் இதுதான். வெளிப்பக்கத்தில் திருகுத் தலை தெரிந்தால் அங்கே இருப்பது ஸ்பிரிங் பார் அல்ல, திருகு. அதை நெம்பக் கூடாது, பொருத்தமான ஸ்க்ரூடிரைவரால் திருப்பத்தான் வேண்டும். சில ராணுவ வாட்ச்சுகளில் பார் லக்கோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கழலவே கழலாது. அதற்கு நேட்டோ ஸ்ட்ராப் போல உள்ளே நுழைத்து இழுக்கும் ஒற்றைத் துணிப்பட்டைதான் பொருந்தும்.

ஸ்மார்ட் வாட்ச் வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். ஆப்பிள் வாட்ச்சின் பின்பக்கத்தில் பட்டைக்கு ஒன்றாக இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்றை அழுத்திப் பிடித்தபடி பட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் நழுவி வந்துவிடும். வேறு பல ஸ்மார்ட் வாட்ச்சுகளில் குமிழ் வைத்த 20 அல்லது 22 மி.மீ. பட்டைகளே வருகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது?

கழற்றுவது எளிதா என்று மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்கு வருவோம். நான் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

பழைய ஸ்ட்ராப் மறுபடி வேண்டுமா? இந்த ஒரு கேள்விக்கான விடையே பாதித் தீர்ப்பு.

கருவி நழுவினால் எங்கே கீறும், அந்தக் கீறல் எவ்வளவு வலிக்கும்? துருப்பிடிக்காத எஃகில் மெல்லிய கீறல் விழுந்தால் கண்ணுக்குத்தான் உறுத்தும். முலாம் பூசிய பித்தளையில் விழுந்தால் விஷயம் வேறு. குரோமியமோ தங்க நிறமோ உரிந்த இடத்தில் வியர்வை பட்டுப் பித்தளை பச்சை பூத்துவிடும். அந்தப் பச்சை மெதுவாக முலாமுக்கு அடியில் பரவும். கறுப்புப் பூச்சு வாட்ச்சுகளில் சின்னக் கீறல்கூட வெள்ளிக் கோடாகப் பளிச்சிடும்.

அந்த வாட்ச்சுக்கு மாற்று உண்டா? 1961இல் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூடிவிட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. தாத்தாவின் எச்.எம்.டி. வாட்ச்சில் விழும் கீறலும், நேற்று வாங்கிய 800 ரூபாய் வாட்ச்சில் விழும் கீறலும் ஒன்றல்ல.

பார் துள்ளிப் போனால் என்ன செய்வது? ஸ்பிரிங் என்பதால் விடுபட்ட கணத்தில் அது பறக்கும். கண்ணில் படலாம், கட்டிலுக்கடியில் போகலாம்.

கடைசியாக, கைக்காயம். கூர்மையான பொருளை ஒரு கையில் பிடித்து, மறுகையில் வைத்திருக்கும் சிறு பொருளை நோக்கித் தள்ளும் வேலை இது. நழுவினால் எங்கே குத்தும் என்பதை முன்கூட்டியே பாருங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இரண்டு முன்னேற்பாடுகளை விட்டுவிடாதீர்கள். லக்குகளின் உட்புறமும் பின்மூடியின் ஓரமும் மறையும்படி செலோ டேப் ஒட்டுங்கள். காகித மாஸ்கிங் டேப் கிடைத்தால் இன்னும் நல்லது, பசை ஒட்டாது. அடுத்ததாக, கைகளையும் வாட்ச்சையும் ஒரு பெரிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு வேலை செய்யுங்கள். பார் துள்ளினாலும் பைக்குள்தான் விழும்.

## விரல் நகம்

*குமிழ் வைத்த ஸ்ட்ராப்புகளுக்கு மட்டும்.* குமிழை நகத்தால் ஸ்ட்ராப்பின் நடுப்பக்கமாக இழுத்து, ஸ்ட்ராப்பை மெல்லத் தூக்கினால் முடிந்தது. கீறலுக்கு இடமே இல்லை. நகம் கட்டையாக இருந்தால் பிளாஸ்டிக் பேனா மூடியின் கிளிப் உதவும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றுதான்: குமிழ் நகரும் பள்ளத்தில் வியர்வை உப்பும் அழுக்கும் சேர்ந்து இறுகிவிடும். அப்போது பலம் கொடுத்தால் குமிழ் உடையும். பழைய பல் துலக்கியில் இளஞ்சூடான சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தபிறகு இழுங்கள். தோல் ஸ்ட்ராப் என்றால் ஈரத் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடிக்கடி ஸ்ட்ராப் மாற்றும் ஆசை உள்ளவர்களுக்கு என் யோசனை இது. இந்த முறை எப்படியாவது பழையதைக் கழற்றிவிட்டு, புதியதைக் குமிழ் வகையாக வாங்குங்கள். இந்தக் கட்டுரை உங்களுக்கு இனித் தேவைப்படாது.

## சிம் பின், போர்டு பின்

*துளையிட்ட லக்குகளுக்கு.* கைப்பேசியோடு வரும் சிம் தட்டு திறக்கும் கம்பி இங்கே அருமையாக வேலை செய்யும். அதை வெளிப்பக்கத் துளையில் நேராக வைத்து அழுத்தினால் பாரின் நுனி உள்ளே போகும். அழுத்தியபடியே மறுகையால் ஸ்ட்ராப்பை அந்தப் பக்கமாகச் சற்றுத் தூக்கினால் விடுபடும். முனை மொட்டையாக இருப்பதால் விரலில் குத்தாது. வளையம் இருப்பதால் பிடிக்கவும் வசதி.

சிம் பின்னின் கனம் எல்லாக் கைப்பேசிக்கும் ஒன்றல்ல. துளைக்குள் தடையின்றிப் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகாவிட்டால் அறிவிப்புப் பலகையில் குத்தும் பிளாஸ்டிக் தலை வைத்த போர்டு பின்னை எடுங்கள். அதன் முனை கூர்மை, ஆனால் தண்டு வலுவானது. காகித கிளிப்பை நிமிர்த்தியும் செய்யலாம் என்பார்கள். மென்மையான கம்பி என்பதால் ஸ்பிரிங் சற்றே இறுக்கமாக இருந்தாலும் அது வளைந்துவிடும். குண்டூசியும் அப்படியே. தையல் ஊசியோ எதிர்மாறு: வளையாது, பட்டென்று முறியும். முறிந்த முனை துளைக்குள் சிக்கினால் பிறகு கடைதான்.

ஸ்வாட்ச் போன்ற பிளாஸ்டிக் வாட்ச்சுகளில் ஸ்பிரிங் இல்லாத வெறும் கம்பி, பல்பல்லான இணைப்புகளுக்குள் குறுக்கே ஓடும். அதையும் போர்டு பின்னால் ஒரு பக்கமிருந்து தள்ளி மறுபக்கம் எடுத்துவிடலாம்.

துளையிட்ட லக் உள்ள வாட்ச் உங்களிடம் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். உள்ளே நெம்பும் வேலையே இல்லாததால், கீறல் விழுந்தாலும் துளையைச் சுற்றித்தான் விழும்.

## கத்தரிக்கோல்

*மூடிய லக், தூக்கிப்போட வேண்டிய தோல் அல்லது ரப்பர் ஸ்ட்ராப்.* இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. எனக்கோ எல்லாவற்றிலும் இதுதான் பிடித்தது.

மூடிய லக்கில் தொல்லை எங்கே வருகிறது? பாரின் விளிம்பு, ஸ்ட்ராப்புக்கும் லக்குக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் ஒளிந்திருக்கிறது. அந்தச் சந்துக்குள் எதையாவது நுழைக்கப் பார்த்துத்தான் கீறல்கள் விழுகின்றன. ஸ்ட்ராப்பே இல்லாவிட்டால் சந்தும் இல்லை.

லக்கிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஸ்ட்ராப்பைக் குறுக்கே வெட்டுங்கள். மிஞ்சிய துண்டில், பாரைச் சுற்றியிருக்கும் மடிப்பை நோக்கி நடுவாக நீளவாட்டில் ஒரு வெட்டு. கத்தரியின் முனை எப்போதும் லக்கின் பக்கமோ பின்மூடியின் பக்கமோ திரும்பாமல், ஸ்ட்ராப்பின் போக்கிலேயே இருக்கட்டும். மடிப்பு வரை போனால் போதும். பழைய தோல் என்றால் இரண்டு அடுக்குகளும் கையாலேயே உரிந்து வரும். ரப்பர் என்றால் இன்னும் இரண்டு மூன்று வெட்டு தேவைப்படலாம். கடைசியில் பார் மட்டும் முழுதாக வெளியே தெரியும். இனி நகத்தாலோ, சாதாரண டுவீசராலோ விளிம்பைப் பிடித்து நகர்த்திவிடலாம். எல்லாம் கண்ணெதிரே நடப்பதால் நழுவும் வாய்ப்பு மிகக் குறைவு.

மறை செலவுகள்? ஸ்ட்ராப் போய்விடும், அது தெரிந்ததே. ஆனால் வெட்டுவதற்கு முன் புதிய ஸ்ட்ராப் கையில் இருக்கிறதா, அதன் அகலம் பொருந்துகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். லக்குகளின் இடைவெளியை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். ஆண்கள் வாட்ச்சில் 18, 20, 22 அதிகம், 19 மி.மீ. வாட்ச்சுகளும் இருக்கின்றன. பழைய ஸ்ட்ராப்பை அளக்காதீர்கள், நாள்பட்ட தோல் சுருங்கியோ விரிந்தோ இருக்கும். இன்னொன்று, சில வாட்ச்சுகளின் ஸ்ட்ராப் அந்த மாடலுக்கென்றே வார்க்கப்பட்டது. லக்கின் வளைவோடு ஒட்டிப் பொருந்தியிருக்கும். பல டிஜிட்டல் பிளாஸ்டிக் வாட்ச்சுகளில் இப்படித்தான். அதற்கான மாற்றுப் பட்டை கிடைத்தபிறகே கத்தரியை எடுங்கள்.

வியர்வையில் பார் துருவேறிக் குழியோடு ஒட்டிக்கொண்ட வாட்ச்சுகளுக்கும் இதுவே நல்ல வழி. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் நாள் முழுதும் வாட்ச் கட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்ட்ராப் வந்துவிட்டால், பாரின் நுனியில் ஊசி முனையால் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு, சில மணி நேரம் கழித்து அசைக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். துருவேறிய பாரை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

## கண்ணாடி ஸ்க்ரூடிரைவர்

*மூடிய லக், ஸ்ட்ராப் திரும்ப வேண்டும்.* மூக்குக் கண்ணாடியின் திருகை இறுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவர், தட்டை முனை உள்ளது, வீட்டுப் பொருட்களில் அசல் கருவிக்கு மிக நெருங்கியது. தையல் மெஷின் பெட்டியில் இருக்கும் ஸ்க்ரூடிரைவர் இதற்கு உதவாது. முனை தடித்தது, சந்துக்குள் போகாமல் லக்கைத்தான் நெம்பும்.

வாட்ச் கவிழ்ந்திருக்க, ஸ்ட்ராப்பை விரலால் லக்கிலிருந்து சற்றே விலக்கிப் பிடியுங்கள். தட்டை முனையை லக்குக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே செங்குத்தாக இறக்கினால் உலோகம் உலோகத்தில் படுவது கையில் தெரியும். முனை விளிம்பின் லக் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முனையை ஸ்ட்ராப்பின் நடுப்பக்கமாகத் தள்ளியபடி, மறுகையால் ஸ்ட்ராப்பை மேலே தூக்குங்கள். தள்ளுவதும் தூக்குவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். தள்ளிவிட்டுத் தூக்கினால் நுனி மறுபடி குழிக்குள் போய்விடும். தூக்கிவிட்டுத் தள்ளினால் நுனி குழியின் ஓரத்தில் இறுகி அசையவே அசையாது. வீட்டில் முயன்று தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான், கருவியால் அல்ல.

எஃகு முனை எஃகு லக்கில் உரசும் என்பதே இதன் விலை. டேப் ஒட்டியிருந்தால் பெரும்பாலான கீறல்கள் லக்கின் உட்புறத்தோடு நின்றுவிடும். அங்கே ஸ்ட்ராப் மறைத்துக்கொள்ளும். அசல் கருவியின் முனை கவட்டைபோலப் பிளந்து விளிம்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும், ஸ்க்ரூடிரைவரோ ஒரே இடத்தில்தான் தொடும். ஆகவே நழுவ வாய்ப்பு எப்போதும் உண்டு. சீக்கோ (Seiko) நிறுவனத்தின் டைவர் வாட்ச்சுகளில் (நீருக்கடியில் கட்டுபவை) வரும் 2.5 மி.மீ. தடித்த பார் போன்றவற்றில் ஸ்பிரிங்கும் கடினம், பிடிக்கும் விளிம்பும் குறைவு. அங்கே இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

## ஊக்கு

எல்லார் வீட்டிலும் இருப்பது என்பதால் எல்லாரும் முதலில் எடுப்பது. பெரிய ஊக்கு என்றால், துளையிட்ட லக்கில் போர்டு பின்னுக்குப் பதிலாக நன்றாகவே உதவும். மூடிய லக்கில் நிலைமை வேறு. உருண்டையான கூர்முனை, உருண்டையான விளிம்பின் மேல் நிற்காது. நழுவி ஒன்று ஸ்ட்ராப்பின் தோலைத் துளைக்கும், அல்லது பின்மூடியில் கோடு போடும், அல்லது கட்டை விரலுக்குள் இறங்கும்.

ஸ்பிரிங் தளர்ந்த பழைய ஸ்ட்ராப், பெண்கள் வாட்ச்சின் மெல்லிய 12, 14 மி.மீ. பட்டை போன்றவற்றில் ஊக்கு போதுமானதாக இருக்கலாம். திருமண மண்டபத்திலோ ரயிலிலோ ஸ்ட்ராப் அறுந்து, வேறு எதுவும் கையில் இல்லாத நேரத்துக்கு இது சரி. வீட்டில் நிதானமாக உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஊக்கைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

## கத்தி, பிளேடு

வேண்டாம். கத்தி முனை சந்துக்குள் எளிதாக நுழையும் என்பது உண்மை. அதனால்தான் ஆசை வருகிறது. நுழைந்தபின் அதன் கூர்விளிம்பு ஸ்ட்ராப்பின் மடிப்பை உள்ளிருந்தே அறுக்கும். வெளியே தெரியாது, சில வாரம் கழித்து அந்த இடத்தில் பிய்ந்து வாட்ச் விழும். பிளேடோ, நெம்பினால் முறிந்து தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்து.

## பல்குச்சி

கழற்றுவதற்கு அநேகமாக உதவாது. ஸ்பிரிங்கின் எதிர்ப்பில் முனை நசுங்கிவிடும். ஆனால் புதிய ஸ்ட்ராப்பை மாட்டும்போது, பாரின் நுனியை அமுக்கிக் குழிக்குள் நகர்த்த மூங்கில் பல்குச்சி மிக நல்லது. எதையும் கீறாது. கழற்ற ஒரு கருவி, மாட்ட வேறு கருவி என்று வைத்துக்கொண்டால் கீறலுக்கான வாய்ப்பு குறையும்.

## வாட்ச் கடை

பேருந்து நிலையத்துக்கு அருகிலோ கடைத்தெருவிலோ கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இது சில நிமிட வேலை. புதிய ஸ்ட்ராப்பையும் அவரிடமே வாங்கினால் பெரும்பாலும் மாட்டித் தருவதற்குத் தனியாகக் காசு கேட்கமாட்டார். இந்தக் கணக்கைப் பலர் போடுவதில்லை: இணையத்தில் ஸ்ட்ராப்பைச் சற்று மலிவாக வாங்கி, பிறகு கழற்ற வழி தேடுவதைவிட, கடையிலேயே தொட்டுப் பார்த்து வாங்கி மாட்டிக்கொண்டு வருவது மொத்தத்தில் லாபமாக இருக்கலாம்.

கடையிலும் கீறல் விழும். வரிசையில் ஆள் நிற்கும் அவசரத்தில் டேப் ஒட்ட நேரமிருக்காது. மதிப்புள்ள வாட்ச் என்றால் வீட்டிலேயே லக்குகளில் டேப் ஒட்டி எடுத்துச் செல்லுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். துருப்பிடிக்காத எஃகு பார்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பழைய பாரையும் திரும்பக் கேளுங்கள். நல்ல நிலையில் இருந்தால் பிறகு உதவும்.

தங்க முலாம் வாட்ச், பரம்பரை வாட்ச், உத்தரவாதக் காலம் முடியாத விலையுயர்ந்த வாட்ச், திருகு வைத்த லக் ஆகியவற்றுக்குக் கடைதான் என் பதில். உத்தரவாதம் இருந்தால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கே போவது நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த வாட்ச்சுக்கு | கீறல் அபாயம் | கைக்காயம் | மறை செலவு |
|---|---|---|---|---|
| விரல் நகம் | குமிழ் வகை | இல்லை | இல்லை | அழுக்கில் குமிழ் இறுகும் |
| சிம் பின், போர்டு பின் | துளையிட்ட லக் | மிகக் குறைவு | குறைவு | கனம் பொருந்தாமல் போகலாம் |
| கத்தரிக்கோல் | மூடிய லக், தூக்கிப்போடும் ஸ்ட்ராப் | குறைவு | குறைவு | ஸ்ட்ராப் போய்விடும். அகலத்தை முன்பே அளக்க வேண்டும் |
| கண்ணாடி ஸ்க்ரூடிரைவர் | மூடிய லக், ஸ்ட்ராப் திரும்ப வேண்டும் | நடுத்தரம் | நடுத்தரம் | பொறுமை. டேப் கட்டாயம் |
| ஊக்கு | அவசரத்துக்கு | அதிகம் | அதிகம் | தோலில் துளை |
| கத்தி, பிளேடு | எதற்கும் வேண்டாம் | அதிகம் | மிக அதிகம் | மடிப்பு அறுபடும் |
| கடை | முலாம், பரம்பரை வாட்ச், செயின் | ஆளைப் பொறுத்தது | இல்லை | பயணம். மலிவான பார் மாட்டப்படலாம் |

## செயின் என்றால்?

உலோகச் செயினை முழுதாகக் கழற்றுவது ஒரு வேலை. கண்ணிகளை எடுத்து நீளத்தைக் குறைப்பது வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முழுதாகக் கழற்ற, பின்பக்கம் பாருங்கள். லக்கோடு சேரும் கடைசிக் கண்ணியின் அடியில் சிறு பிளவுகள் இருந்தால் அவற்றின் வழியே பாரின் விளிம்பு தெரியும். கண்ணாடி ஸ்க்ரூடிரைவரால் ஒரு முனையை உள்ளே தள்ளி, அந்தப் பக்கத்தை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். உயர்ந்த முனை திரும்பக் குழிக்குள் விழாதிருக்க, பழைய பிளாஸ்டிக் அட்டையிலிருந்து வெட்டிய ஒரு மெல்லிய துண்டைச் செருகிவிட்டு மறுமுனைக்குப் போகலாம். தோல் போல இது வளைந்து கொடுக்காது, எஃகோடு எஃகு உரசும். பளபளப்பான லக் என்றால் இங்கே ஆசைப்படாமல் கடைக்கு எடுத்துச் செல்வதே நல்லது.

நீளத்தைக் குறைப்பதென்றால் கண்ணிகளின் உட்புறத்தில் அம்புக்குறி இருக்கும். கம்பியை அந்தத் திசையில் தள்ளி எடுக்க வேண்டும்; மாட்டும்போது அம்புக்கு எதிர்த்திசையில், பிளவுபட்ட முனை கடைசியாகப் போகும்படி செருக வேண்டும். சாதாரணப் பிளவுக் கம்பி என்றால் போர்டு பின்னும், துளையிட்ட மரக்கட்டையும், சிறு சுத்தியலும் கொண்டு முயலலாம். சீக்கோ போன்றவற்றின் பல செயின்களில் கம்பியோடு ஒரு குட்டிக் குழல் இருக்கும். கம்பியைத் தட்டியதும் அது சத்தமில்லாமல் விழுந்துவிடும். அது இல்லாமல் கம்பி உள்ளே பிடிப்பின்றிக் கிடக்கும், கண்ணி ஒருநாள் கழன்றுவிடும். இந்த வகையை வீட்டில் தொட வேண்டாம்.

## மாட்டும்போதுதான் கவனம்

கழற்றும்போது நேரும் தவறு கீறலோடு முடிகிறது. மாட்டும்போது நேரும் தவறில் வாட்ச்சே கீழே விழுகிறது. 20 மி.மீ. லக்குக்கு 18 மி.மீ. பார் உட்கார்ந்ததுபோலத் தோன்றும், நுனியின் ஓரம் மட்டும் குழியில் தொற்றிக்கொண்டிருக்கும். பார் எப்போதும் லக்கின் அளவுக்கே வேண்டும். தோல் ஸ்ட்ராப்பின் அகலம் அரை மி.மீ. கூடினால் அமுக்கி மாட்டிவிடலாம், குறைந்தால் பக்கவாட்டில் ஆடும்.

முதலில் ஒரு நுனியைக் குழியில் வைத்து, மறுநுனியைப் பல்குச்சியால் அமுக்கி லக்கின் உட்சுவரை ஒட்டி நகர்த்துங்கள். குழி வந்ததும் "டிக்" என்ற சத்தம் கேட்கும், அல்லது கையில் ஓர் அதிர்வு தெரியும். கேட்காவிட்டால் ஸ்ட்ராப்பை முன்னும் பின்னும் லேசாக அசைத்தால் தானே உட்காரும். பிறகு கட்டிலின் மேலோ மடித்த துண்டின் மேலோ வைத்து, ஸ்ட்ராப்பின் இரு பாதிகளையும் நன்றாக இழுத்துப் பாருங்கள்; ஒரு பக்கமாகத் திருகியும் பாருங்கள். அசைவில் கரகரப்போ, ஒரு முனை மட்டும் மேலே எழுவதோ தெரிந்தால் நுனி குழியில் இல்லை. கழற்றி மறுபடி மாட்டுங்கள். கைப்பிடிச் சுவருக்கு அருகிலும் கிணற்றடியிலும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

இவ்வளவு படித்தபின்னும் ஸ்ட்ராப் மாற்றும் வேலை வருடத்துக்குப் பலமுறை வரும் என்று தோன்றினால், கவட்டை முனையுள்ள சாதாரணக் கருவி ஒன்றை வாங்கிவிடுங்கள். ஒரு தோல் ஸ்ட்ராப்பின் விலைக்கும் குறைவாகவே கிடைக்கிறது. பெர்ஷோன் போன்ற சுவிஸ் தயாரிப்புகள் இதைவிடப் பல மடங்கு விலை. வீட்டு உபயோகத்துக்கு அவ்வளவு தேவையில்லை. மலிவான கருவியின் முனை சொரசொரப்பாக இருந்தால், மெல்லிய உப்புக்காகிதத்தில் நாலு இழுப்பு இழுத்து வழுவழுப்பாக்கிக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் வாட்ச்சின் அளவில் இரண்டு பார்களும் வாங்கி வையுங்கள்.